வெளியூர் போன அக்கா

அந்த ஊரில் கார் ஓட்டும் பெண்களில் பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கியவர்கள்தான். டிரைவிங் ஸ்கூலில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தாள். பயிற்சிக் காரின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கின் மேல் பாதத்தை லேசாக வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியே வேடிக்கை பார்ப்பதுபோல் இருப்பாள். திடீரென்று "பிரேக்" என்பாள். எதிரே வருகிற பஸ்கூட அந்தக் குரலுக்கு நின்றுவிடும் என்று பேசிக்கொள்வார்கள். அதனால் பிரேக் அக்கா என்று பெயர் வந்தது. அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்பவர்களிடம், "என் பக்கத்துல உட்கார்றவன் எல்லாம் வேர்த்து விறுவிறுத்துப் போறான். இதுல எவன் கட்டிப்பான்?" என்பாள். மாடியில் ஒரு வாடகை வீடு. குழாய் ஒழுகினாலும் பல்பு போனாலும் ஸ்டூல் போட்டு ஏறி அவளே பார்த்துக்கொள்வாள். யாரிடமும் உதவி கேட்டுப் பழக்கமில்லை. கேட்கிறவர்களைப் பார்த்தால் கொஞ்சம் இளக்காரமும் உண்டு.

கூடப்பிறந்தவன் ஒரே தம்பி. அப்பா அம்மா போன பிறகு அவனைப் படிக்கவைத்ததும், மூக்குக் கண்ணாடிக் கடை வைக்கத் தோள் கொடுத்ததும் அவள்தான். அதை அவள் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. அவன் ஒருநாளும் மறந்ததில்லை. பின்னால் வந்த தொல்லையில் பாதி அதனால்தான் வந்தது.

முதலில் வலது கால் மரத்துப்போக ஆரம்பித்தது. செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் நடந்துபோவாள். பின்னால் வருகிறவர் யாராவது எடுத்துக் கொடுப்பார்கள். அப்புறம் நடை தள்ளாடியது. ஒருநாள் காலையில் ஸ்கூல் முதலாளி கார் சாவியைக் கொடுக்கும்போது வழக்கத்தைவிடக் கிட்டே வந்து மூச்சை இழுத்தார். எதற்கு என்று அவளுக்கு உடனே புரியவில்லை. காரில் ஏறி பெல்ட் மாட்டும்போதுதான் புரிந்தது. குடித்துவிட்டு வந்திருக்கிறாளா என்று மோந்து பார்த்திருக்கிறார். அன்று முழுக்கக் காது மடல் சுட்டது. உடம்பு சரியில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அதைச் சொல்வதைவிடக் குடிகாரி என்றே நினைத்துக்கொள்ளட்டும் என்று இருந்துவிட்டாள்.

அடுத்த வாரம் ஒரு பல் டாக்டர் பெண் ஓட்டிக்கொண்டிருந்தாள். நாலு ரோடு சந்திப்பில் ஒரு தக்காளி வண்டி குறுக்கே வந்தது. அக்கா பிரேக்கை அமுக்கினாள். அமுக்கிவிட்டதாகத்தான் மூளை சொன்னது. கால் அசையவே இல்லை. கார் வண்டியில் முட்ட, தக்காளி ரோடு முழுக்க உருண்டு ஓடியது. தள்ளிவந்தவருக்கு முழங்கையில் சிராய்ப்பு, அதோடு போயிற்று. தன் தப்பு என்று நினைத்து டாக்டர் பெண் ஸ்டீயரிங்கில் தலையை வைத்து அழுதாள். "உன் தப்பில்லம்மா, நான்தான் பிரேக் போடல" என்று அக்கா சொன்னதை அவள் நம்பவில்லை. பிரேக் அக்காவாவது, பிரேக் போடாமல் இருப்பதாவது.

அக்கா நேராக ஸ்கூலுக்குப் போய்ச் சாவியை மேஜையில் வைத்தாள். கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, இனி தன்னை நம்பி யாரையும் அனுப்ப வேண்டாம் என்றாள். முதலாளி தலை குனிந்துகொண்டார். மோந்து பார்த்தது அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

நரம்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். கரண்ட் கம்பிக்கு மேல் ரப்பர் உறை இருப்பதுபோல நரம்புக்கும் ஓர் உறை உண்டு, அது அங்கங்கே அரித்துப்போகிறது என்றார். உயிருக்கு ஒன்றுமில்லை, ஆனால் முழுசாகக் குணமாகாது. சில மாசம் நன்றாக இருக்கும், திடீரென்று நோய் கூடி ஒரு தள்ளு தள்ளும். வெயில் ஆகாது, அலைச்சல் ஆகாது. ஐம்பத்திரண்டு வயதில் இதைக் கேட்டுக்கொண்டு வெளியே வந்தவள், ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்திருந்த தம்பியிடம், "கரண்டு கம்பி பழசாயிடுச்சாம்டா" என்றாள். அவன் அழுதான்.

அந்த வாரமே அவளுடைய மாடி வீட்டைக் காலி செய்து தன் வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டான். அவளைக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே அவனுக்குத் தோன்றவில்லை.

தம்பி வீட்டில் குறை என்று ஒன்றும் சொல்ல முடியாது. தம்பி மனைவி தங்கமான பெண். "அண்ணி, நீங்க உட்காருங்க" என்பாள். தம்பி கடையிலிருந்து வந்ததும், "உட்காரு அக்கா" என்பான். தண்ணீர் எடுக்க எழுந்தால் உட்காரு. துணி மடிக்கக் கை நீட்டினால் உட்காரு. காலை நேரத்தில் அவளுக்குக் கால் நன்றாகவே இருக்கும். தானே குளித்துக்கொள்ள முடியும். ஆனால் விழுந்துவிடுவாள் என்ற பயத்தில் குளியலறைத் தாழ்ப்பாளைத் தம்பி கழற்றி எடுத்துவிட்டான். கதவு சரியாக மூடாது. தம்பி மனைவி வந்து முதுகில் தண்ணீர் ஊற்றுவாள். ஊற்றிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வெளியே போவாள். அவளுக்கு முதுகுவலி. அதை அவள் சொன்னதே இல்லை. தைலம் வாசனையில்தான் அக்காவுக்குத் தெரிந்தது. முதல் தடவை கூசிக் குறுகிப் போனவள், சில மாதங்களில் மரக்கட்டைபோல உட்காரப் பழகிக்கொண்டாள். அப்படிப் பழகிப்போனதுதான் எல்லாவற்றையும்விட அவளுக்கு அவமானமாக இருந்தது.

இந்த நோயில் இன்னொன்று உண்டு. சிறுநீர் வருவது தெரிவதற்கும் வந்துவிடுவதற்கும் நடுவே நேரமே இருக்காது. ஒருநாள் மத்தியானம் எதிர்வீட்டுக்காரி வந்து சோபாவில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். அக்கா பக்கத்தில் இருந்தாள். எழுந்திருக்கலாம் என்று கையை ஊன்றினாள். அதற்குள் ஆகிவிட்டது. வெளிர்நிறத் துணி போட்ட சோபா. ஈரம் பரவுவதைப் பார்த்த தம்பி மனைவி, கையில் வைத்திருந்த தண்ணீர் டம்ளரை அப்படியே அக்காவின் மடியில் சாய்த்துவிட்டு, "ஐயோ, கை தவறிடுச்சு அண்ணி, மன்னிச்சுக்குங்க" என்றாள். எதிர்வீட்டுக்காரிக்கு ஒன்றும் தெரியவில்லை. "பாத்து, பாத்து" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதைவிட நல்ல மனசு யாருக்கு வரும்? அக்காவுக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் உள்ளே போய்த் துணி மாற்றும்போது, தனக்காக இன்னொருத்தி பொய் சொல்லி, தப்பைத் தன்மேல் போட்டுக்கொண்டு, மன்னிப்பும் கேட்கிற நிலைமை வந்துவிட்டதே என்று தோன்றியது. அன்றுதான் முடிவு செய்தாள், இந்த வீட்டில் இனி இருக்கக் கூடாது என்று.

மாடி வீட்டுக்குத் திரும்ப முடியாது. தனியாக விழுந்து கிடந்தால் யாருக்கும் தெரியாது. அப்படியானால் ஒரே வழிதான். அந்த வார்த்தையைச் சொல்ல அவளுக்கே நாக்கு கூசியது. ஹோம்.

தம்பியும் அவன் மனைவியும் இல்லாத நேரமாகப் பார்த்துப் போன் செய்தாள். யாருக்கு என்று கேட்டபோது, "எங்க அக்காவுக்கு" என்றாள். அவளுக்கு மேலே அக்கா யாரும் கிடையாது. ஆனால் சொன்ன பிறகு பேச்சு சுலபமாக வந்தது. அக்காவுக்குக் கால் முடியாது, அக்காவுக்குக் கொஞ்சம் பிடிவாதம் என்றெல்லாம் தாராளமாகச் சொன்னாள். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போவதாகச் சொல்லி, வாடகைக் காரில் ஒவ்வோர் இடமாகப் போய்ப் பார்த்தாள்.

முதல் இடம் பளபளவென்று இருந்தது. காலை நேரத்திலேயே எல்லாரும் கட்டிலில் படுத்திருந்தார்கள். எழுந்து நடந்தால் விழுந்துவிடுவார்களாம். ஒரு பணிப்பெண் எண்பது வயது அம்மாளைப் பார்த்து, "என் செல்லம் சாப்பிட்டுச்சா?" என்று கேட்டாள். அக்கா அடுத்த அறையைப் பார்க்காமலே திரும்பிவிட்டாள்.

இரண்டாவது இடத்தில் தோட்டம் இருந்தது, சுவரில் நல்ல படங்கள் இருந்தன. கேட்டில் பூட்டும் இருந்தது. கடைக்குப் போக வேண்டுமானால் என்று கேட்டாள். எது வேண்டுமோ சொன்னால் வாங்கி வந்து தருவோம் என்றார்கள். ஒன்றும் வாங்க வேண்டாம், சும்மா போய்விட்டு வர வேண்டுமானால்? வீட்டிலிருந்து யாராவது வந்து அழைத்துப் போகலாம் என்றார்கள்.

மூன்றாவது இடம் ஒரு காலத்தில் லாட்ஜாக இருந்தது. கீழ்த்தளத்தை மட்டும் மாற்றி, படிகளை இடித்துச் சரிவாகச் சிமெண்ட் பூசியிருந்தார்கள். நடத்துகிறவர் பல வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். மேனேஜரம்மா என்று கூப்பிட்டார்கள். பருத்த உடம்பு, மெதுவான பேச்சு. அவர் கேட்ட முதல் கேள்வியே வேறு மாதிரி இருந்தது. மற்ற இரண்டு இடங்களிலும் அக்காவுக்கு என்னென்ன முடியாது என்று கேட்டார்கள். இவர், என்னென்ன முடியும் என்று கேட்டார்.

அவள் சொன்னாள். காலையில் தானே குளிப்பாள். காய் நறுக்குவாள், ஆனால் கொதிக்கிற பாத்திரத்தைத் தூக்கக் கூடாது. பட்டன் போட நேரமாகும், ஆனால் போட்டுவிடுவாள். வெயில் ஏறினால் கால் துவண்டுவிடும். மத்தியானம் கொஞ்சம் தூங்கி எழுந்தால் மறுபடி தெம்பு வரும். பாத்ரூம் விஷயத்தில் மட்டும், என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

மேனேஜரம்மா அவசரப்படுத்தவில்லை. "உங்க அக்காவுக்குக் காலையில எந்நேரம் வரைக்கும் கால் நல்லா இருக்கும்?"

"பதினோரு மணி வரைக்கும்."

மேனேஜரம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று தாண்டியிருந்தது. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "அப்ப உங்களுக்கு நேரமாயிடுச்சு. உட்காருங்க."

அக்கா உட்கார்ந்தாள். முகம் கன்றிப்போயிற்று. இத்தனை நாள் கேட்ட 'உட்காரு'வில் இது ஒன்றுதான் அவளுக்குக் கோபம் வரவழைக்கவில்லை.

அங்கே ஒவ்வொருவருக்கும் தனி அறை. உள்ளே தாழ்ப்பாள் உண்டு. வெளியிலிருந்து திறக்கும் சாவி ஒன்று மேனேஜரம்மாவிடம் இருக்கும். பெல் அடித்தால் ஒழிய அதைத் தொடமாட்டார்கள். பணியாள் யாராக இருந்தாலும் தட்டிவிட்டு, உள்ளிருந்து குரல் வந்த பிறகுதான் வர வேண்டும். வாசல் கேட்டுக்கு ஆளுக்கொரு சாவி. போகும்போது சொல்லிவிட்டுப் போனால் போதும். ஒரே ஒரு நிபந்தனை: விழுந்தால் மறைக்கக் கூடாது. "விழுந்தத மறைச்சீங்கன்னா எனக்குக் கெட்ட கோபம் வரும்" என்றார் மேனேஜரம்மா. அவளுடைய சேமிப்புக்கும் அந்த இடம் கட்டுப்படியாயிற்று.

தம்பியிடம் சொன்னபோது அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கையை அப்படியே தட்டில் வைத்துவிட்டான். யார் என்ன சொன்னார்கள், என் பொண்டாட்டி ஏதாவது சொன்னாளா என்று கேட்டான். அவள் ஒன்றும் சொல்லவில்லை என்றதும் அவனுக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது.

"வளர்த்த அக்காவக் கொண்டுபோய் ஹோம்ல தள்ளிட்டான்னு சொல்வாங்க. நான் கடையில எப்படி உட்கார்றது?"

"நானேதான் போறேன்னு சொல்லு."

"யாரு நம்புவா?"

பல நாள் இழுத்துக்கொண்டு போயிற்று. கடைசியில் அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். அக்கா வெளியூரில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் தங்கி வைத்தியம் பார்த்துக்கொள்கிறாள் என்று எல்லாரிடமும் சொல்லிவிடுவது. நீண்ட நாள் வைத்தியம், எப்போது முடியும் என்று சொல்ல முடியாது. அவள் மட்டும் கொஞ்ச நாள் வெளியே தலைகாட்டாமல் இருந்தால் போதும். அந்த இல்லம் அவன் கடையிலிருந்து இரண்டு பஸ் நிறுத்தம்தான்.

அக்கா சரி என்றாள். தம்பிக்காக ஒத்துக்கொண்டதாகத்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உண்மையில் அது அவளுக்கும் வசதியாகத்தான் இருந்தது. பிரேக் அக்கா ஹோமில் இருக்கிறாள் என்று பழைய மாணவிகள் பேசிக்கொள்வதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

புது அறையில் முதல் வேலையாகத் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். சந்தோஷமா துக்கமா என்று பிரிக்கத் தெரியவில்லை. அடுத்த நாளிலிருந்து தானே குளித்தாள். அரைமணி ஆனது, முக்கால் மணி ஆனது. யாரும் கதவுக்கு வெளியே நின்று, ஆச்சா என்று கேட்கவில்லை. டீ போடக் கற்றுக்கொண்டாள். ஐம்பத்திரண்டு வயதில் டீ போடக் கற்றுக்கொள்வதா என்று சிரிப்பும் வந்தது. பாத்திரத்தைத் தூக்காமல் கரண்டியால் மொண்டு ஊற்ற வேண்டும். ஒரு தடவை விழுந்தாள். மறைக்கத்தான் நினைத்தாள். எழ முடியாமல் வெகுநேரம் தரையில் கிடந்து, கட்டிலடியில் இருந்த தூசியையெல்லாம் பார்த்துவிட்டு, பிறகு பெல் கயிற்றை இழுத்தாள். "தூசி தட்டவா இவ்வளவு நேரம்?" என்றார் மேனேஜரம்மா.

பக்கத்து அறையில் கணக்கு டீச்சர். மூட்டுவாதத்தில் கை விரல்கள் எல்லாம் ஒரு பக்கமாக மடங்கிப் போனவர். தினமும் காலையில் சக்கரம் வைத்த நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய்வருவார். வாங்குவது ஒரு வாழைப்பழமாக இருக்கும், ஒரு ஊசியாக இருக்கும். "வர்றீங்களா?" என்று அக்காவின் கதவைத் தட்டிக் கேட்பார். இன்றைக்குக் கால் சரியில்லை, நேற்றுத் தூக்கமில்லை, வெயிலாக இருக்கிறது, மேகமாக இருக்கிறது என்று அக்கா தினம் ஒரு காரணம் சொன்னாள். தெருப்பக்கத்து ஜன்னலின் திரையை எப்போதும் மூடியே வைத்திருந்தாள்.

வெளியூர்ப் பொய்யும் வளர்ந்துகொண்டே போயிற்று. உறவுக்காரர்கள் போன் செய்தார்கள். எந்த டாக்டர், என்ன சாப்பாடு, குளிர் எப்படி என்று கேட்டார்கள். தம்பி சொன்னதற்கும் அவள் சொன்னதற்கும் முரண் வரக் கூடாது என்பதால், இருவரும் உட்கார்ந்து பேசி ஓர் ஆஸ்பத்திரியையே கட்டினார்கள். அதற்கு ஐந்து மாடி. மூன்றாவது மாடியில் அவள். ஒருநாள் உள்ளூரில் இருக்கும் சித்தி போன் செய்தபோது சோவென்று மழை பெய்துகொண்டிருந்தது. "அங்க மழையா?" என்று சித்தி கேட்டாள். ஆமாம் என்றாள். "இங்கயும் நல்ல மழை. ஊரெல்லாம் மழைதான் போல" என்றாள் சித்தி. இடி இடித்தது. இரண்டு பேர் காதிலும், வெளியே ஒன்றும் போனில் ஒன்றுமாக, இரண்டு தடவை கேட்டது. சித்தி, உடம்பைப் பார்த்துக்கொள் என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தாள். அன்று இரண்டு வேளை அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சில வாரம் கழித்து, ஒருநாள் காலை டீச்சர் கதவைத் தட்டினார். உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்று சொன்னார்.

"என்கூட வர்றதுக்கு உங்களுக்கு வெக்கமா இருந்தா சொல்லிடுங்க. தினமும் வந்து கேட்டு நான் வெக்கப்பட வேண்டாம் பாருங்க."

அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல அக்கா வாயைத் திறந்தாள். முழுப்பொய்யாக இருக்குமே என்று தோன்றியது. தம்பி விஷயம் ஒரு பக்கம் இருக்க, டீச்சருடைய கோணல் விரல்களோடும் நடைவண்டியோடும் சேர்த்துத் தன்னையும் ஊர் பார்க்குமே என்ற எண்ணமும் அவளுக்கு இருக்கத்தான் செய்தது. "செருப்பு போட்டுட்டு வர்றேன்" என்றாள்.

கேட்டைச் சாவி போட்டுத் திறந்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் தெருவில் காலை வைத்தாள். மேனேஜரம்மா கொடுத்த நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். முதல் திருப்பம் தாண்டியதும் பயம் கொஞ்சம் குறைந்தது. ஒரு காரைப் பார்த்து, "கியரைப் பாரு, எப்படிப் போடறான் பாரு" என்று பழக்க தோஷத்தில் முணுமுணுத்தாள். டீச்சர் சிரித்தார்.

கடையில் சோப்பு அடுக்கியிருந்த பக்கம் நின்றுகொண்டிருந்தாள். வாசலில் நிழல் தட்டியது. தம்பி மனைவி; கூடவே எதிர்வீட்டுக்காரி. தம்பி மனைவியின் கண்ணும் அக்காவின் கண்ணும் ஒரு கணம் சந்தித்தன. தம்பி மனைவியின் முகம் வெளிறிப்போயிற்று. அக்கா சட்டென்று சோப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அது உங்க நாத்தனார் மாதிரி இல்ல?" என்று எதிர்வீட்டுக்காரி கேட்பது காதில் விழுந்தது.

"இல்லையே. அண்ணிதான் ஊர்ல இல்லையே" என்றாள் தம்பி மனைவி.

கையை நீட்டினால் தொடுகிற தூரம். அக்கா திரும்பவில்லை. ஒரு சோப்பை எடுத்து அதன் மேலிருந்த எழுத்துகளைப் படித்தாள், ஒரு எழுத்தும் மனதில் ஏறவில்லை. பின்னால் சில்லறை கொடுக்கும் சத்தம், பையை வாங்கும் சத்தம், பிறகு இரண்டு ஜோடிச் செருப்பு வெளியே போகும் சத்தம். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த டீச்சர் ஒரு வாழைப்பழத்தை வாங்கிக்கொண்டார்.

திரும்பி வரும்போது வெயில் ஏறிவிட்டது. பாதி வழியில் கால் இரண்டும் துணியாகத் துவண்டன. நடைவண்டியைப் பிடித்தபடியே நழுவி நடைபாதையில் உட்கார்ந்துவிட்டாள். டீச்சரால் தூக்க முடியாது. அந்த விரல்கள் ஒரு டம்ளரைப் பிடிப்பதே பெரிய பாடு. போகிறவர்கள் பார்த்துக்கொண்டு போனார்கள். அப்போதுதான் அதுவும் நடந்தது. உடுத்தியிருந்ததெல்லாம் நனைந்து, நடைபாதைக் கல்லில் ஈரம் ஓடியது. இந்தத் தடவை டம்ளரைச் சாய்க்க யாரும் இல்லை. அக்கா முகத்தை முழங்கால்களுக்கு நடுவே புதைத்துக்கொண்டாள்.

ஒரு வேன் ஓரமாக வந்து நின்றது. ஓட்டல்களுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கும் சலவை வேன். ஓட்டி வந்த பெண் இறங்கி வந்து குனிந்து பார்த்தாள்.

"பிரேக் அக்காதானே?"

அக்கா தலையை நிமிர்த்தாமல், ஆமாம் என்று அசைத்தாள். இந்தப் பெண் புருஷன் போன பிறகு, நாற்பது வயதுக்கு மேல் ஓட்டக் கற்றுக்கொண்டவள். ரிவர்ஸ் மட்டும் வராமல் மாசக்கணக்கில் திட்டு வாங்கியவள்.

தூக்கி உட்காரவைக்க அவள் கை கொடுத்தபோது அக்கா பின்வாங்கினாள். "வேணாம்மா. சீட்டு நனைஞ்சிடும்."

"சலவை வண்டிக்கா இது. பின்னாடி இருக்கிற மூட்டைய நீங்க பாக்கணும்" என்று சொல்லிக்கொண்டே அவள் அக்காவின் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

வேனில் ஏறிய பிறகு, எங்கே இறக்கிவிட வேண்டும் என்று கேட்டாள். தம்பி வீடா என்றாள். தம்பி கடை அவளுக்குத் தெரியும். தம்பி வீடு என்று சொல்லிவிட்டால் பொய் தப்பித்துவிடும்; வெளியூரிலிருந்து இன்றைக்குத்தான் வந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். பின்சீட்டில் டீச்சர் வாழைப்பழத்தை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பழைய லாட்ஜ் இருக்கே, இப்ப ஹோம். அங்கதான் இருக்கேன்" என்றாள் அக்கா.

அன்று சாயங்காலம் கதவு தட்டப்பட்டது. யார் என்றாள். "நான்தான் அண்ணி." தம்பி மனைவி உள்ளே வந்து நின்றாள். தம்பி நடையிலேயே நின்றுவிட்டான்.

"உங்கள இல்லேன்னு சொல்லிட்டேன் அண்ணி."

"நானும்தான் திரும்பாம நின்னேன்."

"எனக்காகத்தானே திரும்பல?"

அக்கா யோசித்தாள். "உனக்காகன்னு சொன்னா நல்லா இருக்கும். ஆனா எனக்கும் தைரியம் இல்லம்மா."

தம்பி மனைவி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அழுதாள். அக்கா தம்பியை உள்ளே கூப்பிட்டாள். வந்தவன் அவள் முகத்தைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் போய் நின்றான்.

"நீ என்னை அனுப்பலடா. நானாத்தான் வந்தேன். ஊரு என்ன வேணா நெனைக்கட்டும், உனக்குத் தெரியுமில்ல?"

"அதான்க்கா தெரியல" என்றான். ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நீ போறேன்னு சொன்ன அன்னிக்கு, சத்தம் போட்டேன் இல்ல? அதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் மனசுக்குள்ள அப்பாடான்னு இருந்துச்சு. அதனாலதான் அவ்வளவு சத்தம் போட்டேன்."

தம்பி மனைவி அழுவதை நிறுத்திவிட்டாள். அக்காவுக்கு வலித்தது. அப்படித்தான் இருந்திருக்கும் என்று அவளுக்கு எப்போதோ தெரியும். இருந்தும் அவன் வாயால் கேட்கும்போது வலித்தது. தானும் அந்த வீட்டை விட்டு வரும்போது அப்பாடா என்றுதான் வந்தாள். அதைச் சொல்லலாமா என்று பார்த்தாள். சொன்னால் இவள் மனசு நோகுமே என்று தம்பி மனைவியைப் பார்த்தாள். பிறகு சொல்லிவிட்டாள்.

மூன்று பேரும் கொஞ்ச நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள். மேனேஜரம்மா கதவைத் தட்டி, வந்தவர்களுக்கு டீ வேண்டுமா என்று கேட்டதும்தான் தம்பி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, வேண்டும் என்றான்.

தம்பி மறுநாளே ஊரைக் கூட்டி உண்மையைச் சொல்லிவிட்டான் என்று நினைக்க வேண்டாம். அவனுக்கு அது வரவில்லை. முதலில், அக்கா வெளியூரிலிருந்து வந்துவிட்டாள் என்றான். பிறகு, இங்கேயே பக்கத்தில் தங்கி வைத்தியம் பார்க்கிறாள் என்றான். ஹோம் என்ற வார்த்தையை இன்னும் சொல்வதில்லை. சலவை வேன்காரி மூலமாகவும் எதிர்வீட்டுக்காரி மூலமாகவும் ஊருக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது. சிலர் அவனைப் பற்றித் தப்பாகத்தான் பேசினார்கள். கடைக்கு வந்து கண்ணாடி மாட்டிப் பார்த்துக்கொண்டே, அக்கா சௌக்கியமா என்று ஒரு மாதிரி கேட்டவர்களும் உண்டு. சித்தி ஒருநாள் நேரில் வந்தாள். அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அந்த ஆஸ்பத்திரியவிட இது தேவலாம்" என்றாள். அக்காவுக்குத் தலை நிமிரவில்லை.

தம்பி ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறான். வந்தால் அக்காவோடு உட்கார்ந்து பேச அவனுக்கு இன்னும் கூச்சம். ஒரு சின்னத் திருப்புளியும் டப்பாவில் திருகாணிகளும் கொண்டுவந்து, கூடத்தில் உட்கார்ந்து, அங்கே இருப்பவர்களின் மூக்குக் கண்ணாடிகளை ஒவ்வொன்றாகச் சரி செய்கிறான். ஆடுகிற காம்பை முடுக்குகிறான், வளைந்ததை நிமிர்த்துகிறான், துடைத்துக் கொடுக்கிறான். சரி செய்ய ஒன்றும் இல்லாத கண்ணாடியையும் டீச்சர் வாரம் தவறாமல் கொண்டுபோய்க் கொடுக்கிறார்.

அக்காவுக்குப் போன மாதம் மறுபடி ஒரு தள்ளு தள்ளியது. இப்போது இடது கையும் சரியாக வருவதில்லை. நல்ல நாளில் கடைத்தெருவுக்குப் போகிறாள். கெட்ட நாளில் குளிக்கப் பணிப்பெண்ணைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. எது கெட்ட நாள் என்று அவளேதான் முடிவு செய்கிறாள். பெல் கயிற்றை இழுத்த பிறகு, கதவு தட்டப்படுகிறவரை முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தட்டியதும் தொண்டையைச் சரி செய்துகொண்டு, "வாம்மா" என்பாள்.